தாழ்மையைப் பழகத் தொடங்கினால் அதுவே பெருமையாகிவிடுகிறதே, என்ன செய்வது?

கடுகுவிதை எழுதியது:

அனைவருக்கும் அன்பின் வாழ்த்துகள். எங்கள் வேதபாடக் குழுவில், பவுல் பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தைப் படித்துவருகிறோம். இரண்டாம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்துக்கு வந்ததும் நின்றுவிட்டோம்: "ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்." வசனத்தின் பொருள் புரிகிறது. திங்கட்கிழமை காலையில் அதை எப்படிச் செய்வது என்பதுதான் புரியவில்லை.

கூட்டத்தில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தால், "பார், நீ கடைசி இருக்கையைத் தேர்ந்தெடுத்தாய்" என்று உள்ளே ஒரு குரல் மெச்சுகிறது. அந்தக் குரலை அடக்கினால், அடக்கியதற்காக மறுபடியும் மெச்சுகிறது. பொறுமையைப் பழகலாம், தாராள குணத்தைப் பழகலாம். பழகுகிறோம் என்று நமக்கே தெரிந்தாலும் அவை கெட்டுப்போவதில்லை. தாழ்மை மட்டும் நம் கண்ணில் பட்டவுடனே இல்லாமல் போகிறது.

இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. அலுவலகத்தில் நான் சொன்ன யோசனையை வேறொருவர் தம்முடையதாக முன்வைத்தால், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தாழ்மையா? ஆராதனையில் பாடியவரை யாராவது பாராட்டினால், அவர் அதை மறுக்க வேண்டுமா? வயதில் இளையவர் நம்மைத் திருத்தும்போது என்ன செய்வது? வேதத்திலிருந்தும் அனுபவத்திலிருந்தும் சொல்லுங்கள்.


மூன்றாம் மணி எழுதியது:

அண்ணா, தாழ்மை நம்மால் பழகக்கூடியதே அல்ல என்று நினைக்கிறேன். கலாத்தியர் 5:22, 23-இல் சாந்தம் ஆவியின் கனியாகச் சொல்லப்படுகிறது. கனியை யாரும் பயிற்சி செய்து உண்டாக்குவதில்லை. சிலுவையை நோக்கிப் பாருங்கள், ஜெபியுங்கள். மற்றதை ஆவியானவர் செய்வார். நாமாகப் பழக முயன்றால் நீங்கள் சொன்ன சுழலில்தான் சிக்கிக்கொள்வோம்.


பழைய ஏடு எழுதியது:

தம்பி மூன்றாம் மணி, ஆவியானவர் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பேதுரு தம் முதல் நிருபத்தில் "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று கட்டளையிடுகிறார் (5:5). கட்டளை என்றால் நாம் செய்வதற்கு அதில் ஏதோ இருக்கிறது. உடையை ஒருமுறை அணிந்தால் ஆயுளுக்கும் போதும் என்று யாரும் இருப்பதில்லை; ஒவ்வொரு காலையிலும் எடுத்து உடுத்துகிறோம். இதை எழுதிய பேதுரு, ஆண்டவர் தம் வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, ஒரு சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு தன் கால்களைக் கழுவக் குனிந்ததைப் பார்த்தவர். "அணிந்துகொள்ளுங்கள்" என்று எழுதும்போது அந்த இரவு அவர் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

அந்த இரவைப் பற்றி லூக்கா சொல்லும் ஒரு செய்தியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் சீஷர்களுக்குள் எழுந்தது அதே இராப்போஜன மேசையில்தான் (22:24). யூதாசும் அங்கே இருந்தான். நல்ல மனநிலையோடு ஒருவரையொருவர் நேசித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஆண்டவர் கால்களைக் கழுவவில்லை. இடத்துக்காகப் போட்டியிட்டவர்கள், மறுதலிக்கப்போகிறவன், காட்டிக்கொடுக்கப்போகிறவன் ஆகியோரின் கால்களைத்தான் கழுவினார்.

இனி கடுகுவிதை கேட்ட வசனத்துக்கு வருகிறேன். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம். கி.மு. 42-இல் அங்கே நடந்த போருக்குப் பிறகு ரோமப் படைவீரர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். பதவியும் கௌரவமும் கல்லில் பொறித்துக் காட்டப்பட்ட உலகம் அது. அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல், அடிமையின் ரூபமெடுத்துச் சிலுவையில் மரித்த ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அதே நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, ஒரே சிந்தையாயிருக்கும்படி கெஞ்சுகிறார். இருவரும் சுவிசேஷ விஷயத்தில் அவரோடு பாடுபட்டவர்கள். இரண்டாம் அதிகாரத்தின் உயர்ந்த வரிகள் தத்துவமாக எழுதப்படவில்லை. மனம் ஒத்துப்போகாத, பெயர் தெரிந்த மனிதர்கள் இருந்த ஒரு சபையில் வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டவை.

மூன்றாம் வசனத்தோடு நின்றுவிடாதீர்கள். நாலாம் வசனம் பிறருக்கானவைகளை நோக்கச் சொல்கிறது. பார்வை எங்கே போக வேண்டும் என்பது அங்கே இருக்கிறது. கடைசி இருக்கை பற்றிய உவமையிலும் (லூக்கா 14) ஆண்டவர் இருக்கையோடு முடிக்கவில்லை. அடுத்த மூச்சிலேயே, விருந்து வைத்தால் ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழையுங்கள் என்கிறார். நான் எங்கே உட்கார்ந்தேன் என்ற கணக்கிலிருந்து, என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விக்கு நம்மைக் கொண்டுபோகிறார். ஆகையால் உங்களுக்குள் பேசும் அந்தக் குரலோடு வழக்காட வேண்டாம். கடைசி இருக்கைக்குப் போய்விட்டீர்கள் அல்லவா, பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். குரல் பேசிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் வேறு ஒருவரைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.


பெத்தானியா எழுதியது:

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். நாங்கள் இதைத் தாழ்ச்சி என்போம். எங்கள் மரபிலும் இந்தக் கேள்வி பழையது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் ஏழாம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்குப் 12 படிகளைச் சொல்கிறார். முதல் படி, கடவுளின் முன்னிலையில் இருக்கிறோம் என்ற அச்சத்தை மறவாதிருப்பது. தலை குனிந்து, பார்வை தாழ்த்தி நடப்பது போன்ற வெளித்தோற்றத்தை அவர் கடைசிப் படியில், 12-ஆவதில்தான் வைக்கிறார். நம்மில் பலர் அந்தக் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம், "நான் ஒன்றுமில்லாதவள்" என்கிறோம். உள்ளே ஒன்றும் நகர்ந்திருக்காது.

12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த புனித பெர்னார்து, இதே படிகளைத் தலைகீழாக்கி, பெருமையின் படிகளைப் பற்றி எழுதினார். பெருமையின் முதல் படியாக அவர் எதைச் சொல்கிறார் தெரியுமா? ஆர்வக் குறுகுறுப்பை. தன்னைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் கண்கள் அடுத்தவர் காரியங்களில் அலைவதை. தற்பெருமைப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. யார் முன்னேறினார், யாருக்கு என்ன கிடைத்தது, யார் வீட்டில் என்ன குறை என்று தேடுகிற கண்ணில் பெருமை தொடங்குகிறது என்பது என்னை உலுக்கிய செய்தி. அன்றாட வாழ்வில் தாழ்ச்சியை எங்கே தொடங்குவது என்று கேட்டால், கைபேசியில் அடுத்தவர் வாழ்க்கையை மேய்வதை நிறுத்துவதில் தொடங்கலாம் என்பேன்.

பழைய ஏடு ஐயா, பிறர் பக்கம் பார்வையைத் திருப்பச் சொல்கிறீர்கள். அதை நான் ஏற்கிறேன். ஆனால் பிறரைப் பார்ப்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது என்பதற்காகவே பெர்னார்தை நினைவூட்டினேன்.

சிறு காரியங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1897-இல் தம் 24-ஆம் வயதில் இறந்தவர். மடத்தில் துணி துவைக்கும்போது எதிரே இருந்த சகோதரி அவர் முகத்தில் அழுக்குத் தண்ணீரைத் தெறித்துக்கொண்டே இருந்தாராம். பின்வாங்கி முகத்தைத் துடைத்தால் அந்தச் சகோதரிக்கு உறைக்கும். தெரேசா அப்படிச் செய்யாமல் அந்தத் தண்ணீரை ஏற்றுக்கொள்ளப் பழகினார். யாரும் பார்க்கவில்லை, அந்தச் சகோதரிக்கே தெரியாது.


நடுப்பகல் எழுதியது:

தெரேசாவின் கதையைப் படித்ததும் எனக்கு ஒரு சங்கடம் எழுகிறது. இந்த இழையில் அதைச் சொல்லாமல் போகக் கூடாது.

தாழ்மை பற்றிய பிரசங்கம் எப்போதும் கீழே இருப்பவர்களை நோக்கியே போகிறது. மனைவிக்குச் சொல்லப்படுகிறது, மருமகளுக்குச் சொல்லப்படுகிறது, உதவியாளருக்கும் இளைஞருக்கும் சபைக் கணக்கைக் கேள்வி கேட்டவருக்கும் சொல்லப்படுகிறது. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போய்த் தாழ்மையோடு வாழச் சொல்லும் ஆலோசனையை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அந்த ஆலோசனைக்கும் கிறிஸ்துவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அப்போஸ்தலர் 16-ஐ எடுத்துப் பாருங்கள். அதே பிலிப்பி நகரம்தான். பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் அதிகாரிகள் ஆள் அனுப்பி, இரகசியமாக விடுவிக்கப் பார்த்தார்கள். பவுல் ஒத்துக்கொள்ளவில்லை. ரோமக் குடிமக்களாகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்து வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு "மனத்தாழ்மையினாலே" என்று அதே சபைக்கு எழுதியவரும் இவர்தான். இவருக்குத் தாழ்மை தெரியாது என்று சொல்வோமா?

ஆண்டவரையும் பாருங்கள். பிரதான ஆசாரியன் முன்னிலையில் ஒரு சேவகன் அறைந்தபோது, "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). அவர் அந்தச் சேவகனைத் திருப்பி அடிக்கவில்லை. அடித்தது சரி என்றும் ஏற்றுக்கொள்ளவில்லை.


மூன்றாம் மணி எழுதியது:

நடுப்பகல், நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் 1 பேதுரு 2:23-ஐ என்ன செய்வது? "வையப்படும்போது பதில்வையாமல், பாடுபடும்போது பயமுறுத்தாமல்" இருந்தார் என்றுதானே இருக்கிறது? உரிமையைக் கேட்பதற்கும் அகந்தைக்கும் நடுவே கோடு எங்கே என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.


நடுப்பகல் எழுதியது:

அந்த வசனத்தின் பின்பாதியைப் பாருங்கள். நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார். நியாயம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. யாரும் அவரிடமிருந்து ஜீவனைப் பறிக்கவுமில்லை, தாமே கொடுத்தார். எனக்குப் புரிந்த கோடு இதுதான்: தாழ்மையை ஒருவர் தாமாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் மேல் சுமத்த முடியாது. தெரேசா தம் முகத்தில் விழுந்த தண்ணீரைப் பொறுத்துக்கொண்டது அழகு. மடத்தின் தலைவி அவரிடம் "நீ அங்கேயே நின்று தண்ணீரை வாங்கிக்கொள்" என்று உத்தரவிட்டிருந்தால் அது கொடுமை.

அடிபடுகிறவர் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும், சட்டத்தின் உதவியைக் கேட்கட்டும். அதனால் அவருடைய தாழ்மை குறையாது. குறைகிறது என்று அவரிடம் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.


பெத்தானியா எழுதியது:

நடுப்பகல், முழுமனதோடு ஏற்கிறேன். நான் சொன்ன எடுத்துக்காட்டு எரிச்சலூட்டும் சிறு காரியங்களுக்கு மட்டுமே. வன்முறைக்கு அதை ஒருபோதும் பொருத்தக் கூடாது.


பழைய ஏடு எழுதியது:

இந்த உரையாடல் நடந்தது நல்லது. மேய்ப்பர்களாக இருந்தவர்கள் இதை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். வேதத்தில் தாழ்மையின் பெரிய எடுத்துக்காட்டுகள் அதிகாரத்தில் இருந்தவர்களிடமே வருகின்றன. "மோசேயானவன் பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவனாயிருந்தான்" என்பது (எண்ணாகமம் 12:3) ஒரு ஜனக்கூட்டத்தின் தலைவரைப் பற்றியது. அதற்கு முந்திய அதிகாரத்தில் எல்தாத், மேதாத் என்ற இருவர் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். அதைக் கேட்ட யோசுவா, அவர்களைத் தடுத்துவிடும்படி சொல்கிறான். மோசே, "நீ எனக்காக வைராக்கியம் காண்பிக்கிறாயோ?" என்று கேட்டு, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளாக இருந்தால் நலமாயிருக்குமே என்கிறார். தனக்கு இருந்த வரம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஒரு தலைவர் ஆசைப்படுகிறார்! அடுத்த அதிகாரத்தில் மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசும்போது தம் சார்பில் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் பிடித்தபோது அவளுக்காகக் கெஞ்சினார். இதே மோசே பொன் கன்றுக்குட்டியைக் கண்டபோது கோபத்தில் கற்பலகைகளை உடைத்தார். தனக்கு நேர்ந்த அவமானத்துக்கு எழாத கோபம் தேவனுடைய கனத்துக்காக எழுந்தது.

பர்னபாவையும் சொல்ல வேண்டும். எருசலேமில் எல்லாரும் சவுலுக்கு, அதாவது பின்னாளில் பவுல் எனப்பட்டவருக்கு, பயந்தபோது அவரை அழைத்துப்போய் அப்போஸ்தலரிடம் சேர்த்தவர் அவர். பிறகு தர்சுவுக்குப் போய், தேடிக் கண்டுபிடித்து, அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்தவரும் அவரே. அப்போஸ்தலர் 13-இன் தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று இருக்கிறது. அந்த அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று மாறிவிடுகிறது. தாம் அழைத்து வந்தவர் தம்மைத் தாண்டிப் போனார். பர்னபா அதற்காக முறையிட்டதாக ஒரு வரியும் இல்லை. பின்னால் இருவரும் பிரிந்தார்கள் என்பது உண்மை. அது மாற்கு என்ற இளைஞனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதா என்ற கேள்வியில். அங்கும் பர்னபா வேறொருவருக்காகவே வாதாடினார்.

சபையில் நாம் வளர்த்துவிட்டவர் நம் இடத்தில் நிற்கும் நாள் எல்லாருக்கும் வரும். பாடகர் குழுவில், ஞாயிறு பள்ளியில், பிரசங்க மேடையில். அந்த நாளில் அவருக்கு வேண்டிய தகவல்களையெல்லாம் மறைக்காமல் கொடுங்கள். முதல் தடவை அவர் தடுமாறும்போது அருகில் இருங்கள். "எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் பேச்சைத் தவிருங்கள். இவை செய்யக்கூடிய காரியங்கள் என்பதால்தான், தாழ்மையைப் பழகலாம் என்று சொன்னேன்.


கடுகுவிதை எழுதியது:

ஐயா, பர்னபாவை இப்படி நான் கவனித்ததில்லை, நன்றி. பார்வையைத் திருப்பும் வழியும் புரிகிறது. ஆனால் அலுவலகக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. என் யோசனையை வேறொருவர் தம்முடையதாகச் சொன்னால் என்ன செய்வது? பாராட்டு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.


விளக்குத்தண்டு எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கேள்விகளும் நான் அடிக்கடி எதிர்கொள்பவை. அலுவலகத்தில் ஒரு குழுவை நடத்துகிறேன், சபையில் பாடல்களை நடத்துகிறேன்.

முதலில் அலுவலகம். ரோமர் 12:3 "எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல்", "தெளிந்த எண்ணமுள்ளவனாய்" எண்ண வேண்டும் என்கிறது. மிஞ்சி எண்ணுவது பிழை. இருப்பதைக் குறைத்துச் சொல்வதும் தெளிந்த எண்ணம் ஆகாது, ஏனென்றால் அது உண்மை இல்லை. ஆகையால் யார் எதைச் செய்தார் என்பதைப் பணிவான குரலில் சொல்வதில் தவறில்லை. "சென்ற வாரம் நான் அனுப்பிய குறிப்பில் இதைச் சொல்லியிருந்தேன், அதை இவர் விரிவாக்கியது உதவியாக இருக்கிறது" என்று சொல்லலாம். கோபம் தணிந்த பிறகு, அவரைத் தனியே சந்தித்தும் சொல்லலாம். மத்தேயு 18:15-உம் முதலில் தனிமையில் போய்ப் பேசச் சொல்கிறது. சில வேளைகளில் விட்டுவிடவும் செய்யலாம், அந்த யோசனையால் வேலை நன்றாக நடக்கிறது என்ற மகிழ்ச்சியே போதும் என்று உண்மையாகவே தோன்றினால். தோன்றாமல் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வாரக்கணக்கில் அதை மென்றுகொண்டிருந்தால், அந்த மௌனத்தில் தாழ்மை எதுவும் இல்லை. பேசியிருந்தால் இருவருக்கும் நலமாக இருந்திருக்கும்.

நான் இன்னொரு பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். நம் யோசனை திருடப்பட்டதைப் பற்றியே கேட்கிறோம். நாம் அடுத்தவருடைய உழைப்பை எடுத்துக்கொள்ளும் தருணங்கள் கண்ணில் படுவதே இல்லை. மேலதிகாரியிடம் அறிக்கை கொடுக்கும்போது, "இதைச் செய்தவர் இவர்" என்று பெயரைச் சொல்லுங்கள். அந்த இடத்தில் இல்லாதவரின் பெயரைச் சொல்லுங்கள். அறையைச் சுத்தம் செய்தவர், கோப்பைத் தேடி எடுத்துக்கொடுத்தவர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "உனக்கு உண்டாயிருப்பவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கேட்கிறார் (1 கொரிந்தியர் 4:7). நமக்குக் கொடுத்தவர்களை நினைக்கத் தொடங்கினால் பட்டியல் முடிவதில்லை. தாழ்மைக்கு நான் கண்ட மிக நேரான வழி நன்றி சொல்வதுதான். நன்றி சொல்லும் நேரத்தில் உள்ளே இருக்கும் அந்தக் குரலுக்கு இடமே கிடைப்பதில்லை.

அடுத்து, பாராட்டு. யாராவது "பாடல் ஆறுதலாக இருந்தது" என்றால், "ஐயோ, நான் ஒன்றுமே இல்லை" என்று மறுக்க வேண்டாம். அவர் சொன்னதைப் பொய்யாக்குகிறோம். பல நேரங்களில் அவர் இன்னொரு முறை அழுத்திப் பாராட்ட வேண்டிய நிலைக்கும் தள்ளப்படுகிறார். "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று சொல்வது நல்லதே, மனதிலிருந்து வந்தால். பழக்கத்தினால் மட்டும் வருவதென்றால் "நன்றி, எந்த வரி உங்களைத் தொட்டது?" என்று கேட்கலாம். உடனே பேச்சு அவருடைய துக்கத்துக்கோ மகிழ்ச்சிக்கோ போய்விடும். அங்கே நாம் தேவையானவர்களாக இருப்போம்.

பவுல் இதில் நமக்கு நல்ல முன்மாதிரி. "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்று கூசாமல் எழுதுகிறார். உடனே, "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்கிறார் (1 கொரிந்தியர் 15:10). உழைத்ததை மறைக்கவில்லை, கிருபையையும் மறைக்கவில்லை.


மூன்றாம் மணி எழுதியது:

இளையவர் திருத்துவதைப் பற்றி அண்ணா கேட்டிருந்தார். நான் இளையவர் பக்கத்திலிருந்து கேட்கிறேன்: பெரியவர்களிடம் பிழையைச் சுட்டிக்காட்டுவதே அகந்தையா? பல இடங்களில் அப்படித்தான் பார்க்கப்படுகிறது.


பழைய ஏடு எழுதியது:

இல்லை தம்பி. அப்போஸ்தலர் 18-இல் அப்பொல்லோவைப் பாருங்கள். சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன் என்று பெயர் பெற்றவர். ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசினார். ஆனால் யோவான் ஸ்நானன் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள், அவரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் அவருக்கு விவரித்துக் காண்பித்தார்கள். சபை நடுவே எழுந்து நின்று அவரைத் திருத்தவில்லை. அவரும் "நீங்கள் யார் எனக்குச் சொல்ல" என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு முன்னைவிடப் பயனுள்ளவராக ஊழியம் செய்தார். திருத்தியவர்களும் தாழ்மை உள்ளவர்கள், திருத்தப்பட்டவரும் தாழ்மை உள்ளவர்.

கலாத்தியர் 2-இல் நடந்தது வேறுவிதம். அந்தியோகியாவில் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகப் பவுல் கடிந்துகொண்டார். பேதுரு மூத்தவர், ஆண்டவரோடு நடந்தவர். பவுல் பின்னால் வந்தவர், அதுவும் சபையைத் துன்பப்படுத்திவிட்டு வந்தவர். அந்தக் கடிந்துகொள்ளுதல் நிருபத்தில் எழுதப்பட்டு எல்லாச் சபைகளிலும் வாசிக்கப்பட்டது! ஆனால் பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்று இருக்கிறது (3:15). வேதத்தில் தாழ்மையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த வார்த்தைகள் அவை.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது உங்களைத் திருத்தினால், முதல் பதிலாக விளக்கம் கொடுக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று கேளுங்கள். அவர் சொன்ன முறை தவறாக இருந்தாலும், சொன்ன காரியம் சரியாக இருக்கலாம். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால்" என்ற வார்த்தையைச் சேர்க்காதீர்கள். "நான் கத்தியது தவறு, ஆனால் நீயும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்பது மன்னிப்புக் கேட்பது ஆகாது. "நான் கத்தியது தவறு, என்னை மன்னித்துவிடு" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையின் பிழையைப் பற்றிப் பேச இன்னொரு வேளை வரும்.


பெத்தானியா எழுதியது:

திருத்துகிறவர்களுக்கும் ஒரு கதை. நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் கறுப்பர் மோசே என்ற துறவி இருந்தார், முன்னாளில் கொள்ளைக்காரர். பிழை செய்த ஒரு சகோதரரை விசாரிக்க எல்லாரும் கூடி, இவரையும் அழைத்தார்கள். ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, அது வழியெல்லாம் ஒழுக ஒழுகத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டார்கள். "என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, நான் பார்ப்பதில்லை; இன்று இன்னொருவரின் பிழையைத் தீர்ப்பிட வந்திருக்கிறேன்" என்ற பொருளில் பதில் சொன்னாராம். அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டார்கள்.

ஒருவரைத் திருத்தப் போகும் முன் நான் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய் வருவதுண்டு. என் பிழைகளை ஒரு குருவிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு இன்னொருவரிடம் பேசும் குரல் தானாகவே மாறுகிறது.


சீலோவாம் எழுதியது:

நோயாளிகளையும் முதியோரையும் பராமரிப்பது என் வேலை. எல்லாரும் பணிவிடை செய்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். பணிவிடையைப் பெற்றுக்கொள்வதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பார்த்தவரையில் அதுதான் கடினமானது.

வாழ்நாள் முழுவதும் சபைக்காக ஓடியவர்கள், எத்தனையோ வீடுகளுக்குப் போய் ஜெபித்தவர்கள், படுக்கையில் விழுந்ததும் உடைந்துபோகிறார்கள். இன்னொருவர் தங்களைத் துடைத்துவிடுவதை அவர்களால் தாங்க முடியவில்லை. "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்கிறார்கள். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னதை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கேட்பதற்கு அது பணிவு போலத்தான் இருக்கிறது. ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார்.

எப்போதும் கொடுக்கிறவராகவே இருப்பது ஒருவிதத்தில் உயரமான இடம். அங்கிருந்து இறங்கி, "எனக்கு உதவி வேண்டும்" என்று சொல்வது படுக்கையில் விழுவதற்கு முன்பே பழக வேண்டிய காரியம். வேலையில் தெரியாததைத் "தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். ஜெபக் கூட்டத்தில் அடுத்தவருக்காக மட்டும் விண்ணப்பம் வைக்காமல் உங்கள் பெயரைச் சொல்லி, எதற்காக என்றும் சொல்லி வையுங்கள்.


கடுகுவிதை எழுதியது:

சகோதரி, இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு மூத்தவர் படுக்கையில் இருக்கிறார். முன்னாளில் பலருக்கு ஆதரவாக இருந்தவர். இப்போது எந்த உதவியையும் ஏற்க மறுக்கிறார். அவரிடம் பேதுருவின் வசனத்தைச் சொல்லலாமா?


சீலோவாம் எழுதியது:

வசனத்தை இப்போது சொல்ல வேண்டாம் சகோதரரே. நடுப்பகல் சொன்னதை நினைவில் வையுங்கள். தாழ்மையை அடுத்தவர் மேல் சுமத்தக் கூடாது. அவர் இழந்தது சிறிய காரியம் அல்ல. கோபப்பட அவருக்கு இடம் கொடுங்கள்.

உடலைத் துடைத்துவிடும்போது கதவைச் சாத்துங்கள், துடைக்காத பகுதியைப் போர்வையால் மூடிவையுங்கள். எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதித்த பிறகு தொடங்குங்கள். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் பறித்துச் செய்யாதீர்கள். அவர் முன்னிலையில் அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாமல், அவரிடமே பேசுங்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதைக் கூட அவர் மறுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும் கேளுங்கள்.

உங்கள் கவலை ஒன்றைச் சொல்லி, உங்களுக்காக ஜெபிக்கும்படி அவரைக் கேளுங்கள். அவர் மனதைத் தேற்றுவதற்கான உபாயமாக இதைச் செய்யாதீர்கள். அவருடைய ஜெபம் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு காரியத்துக்காகக் கேளுங்கள்.